பன்னீர்க்குடத்தில் ஊசி: ‘நூற்றில் ஒன்று’ யாருடைய கணக்கு?

கர்ப்பிணி கிளினிக் வாசலில் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடும். ஸ்கேனில் பிள்ளையின் கழுத்துப் பின்பக்கம் கொஞ்சம் தடிப்பாகத் தெரிகிறது, பன்னீர் எடுத்துப் பார்த்தால் நல்லது என்று டொக்டர் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து சொன்னதும், “அதுக்குள்ள ஊசி குத்தினா புள்ள தங்காதாம் மகள், வேணாம்” என்பார் மாமி. ஃபோனில் தேடிப் பார்த்த கணவரோ, “நூற்றுக்கு ஒன்றுதானாம், பயப்படத் தேவையில்லை” என்பார். ஒருவர் பயப்படுத்துகிறார், மற்றவர் தைரியம் சொல்கிறார், ஆனால் இரண்டு பேரின் பேச்சுக்கும் அடியில் ஒரே நினைப்புத்தான் இருக்கிறது. ஆபத்து ஊசிக்குள் இருக்கிறது, யார் குத்தினாலும் எங்கே குத்தினாலும் அது ஒன்றுதான் என்பது அந்த நினைப்பு.

அது சரியில்லை. அந்த ஊசியைப் பிடிப்பவர் எத்தனை பேருக்கு அதைச் செய்திருக்கிறார், இப்போதும் தொடர்ந்து செய்கிறாரா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் கூடும், குறையும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியமான விஷயம், ஏனென்றால் இந்தப் பரிசோதனைக்காக வேறு மாவட்டத்துக்குப் போகச் சொன்னால் ‘எங்கட ஆஸ்பத்திரியில இல்லாத டொக்டரா’ என்ற கோபம் எங்களுக்குச் சட்டென்று வந்துவிடும்.

முதலில், இவை என்ன பரிசோதனைகள்?

கர்ப்ப காலத்தில் செய்யும் பரிசோதனைகள் இரண்டு வகை. முதல் வகை சல்லடை போடுவது மாதிரியானது, அதை ஸ்கிரீனிங் என்பார்கள். 11 வாரத்துக்கும் 13 வாரம் 6 நாளுக்கும் இடையில் பிள்ளையின் கழுத்துப் பின்பக்கத்தை ஸ்கேனில் அளப்பதும், தாயின் இரத்தத்தை எடுத்துப் பார்ப்பதும் இதில் சேரும். இவற்றால் தாய்க்கோ பிள்ளைக்கோ ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் ‘சந்தேகம் கூட’, ‘சந்தேகம் குறைவு’ என்பதற்கு மேல் இவை எதையும் சொல்லாது. இதை முடிவான பதில் என்று எடுத்துக்கொண்டு அழுதவர்களும் உண்டு, நிம்மதியாகப் படுத்தவர்களும் உண்டு.

இரண்டாவது வகைதான் உறுதியான பதில் தருவது. அதற்குப் பிள்ளையின் கலங்கள் வேண்டும், அந்தக் கலங்களுக்குள் இருக்கும் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நிறமூர்த்தம் என்பது பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் இழை. 21ஆவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் அது டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி வளர்ச்சிக் குறைபாடு.

பிள்ளையின் கலங்களை எடுக்கப் பிரதானமாக இரண்டு வழி. 15 வாரம் முடிந்த பிறகு, பன்னீர்க்குடத்துக்குள் பிள்ளையைச் சுற்றியிருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பது அம்னியோசென்டெசிஸ். எங்கள் பேச்சில் ‘பன்னீர் எடுக்கிறது’. அதற்கு முன்பே, பொதுவாக 11 முதல் 14 வாரத்துக்குள், நஞ்சுக்கொடியாக வளரும் இழையத்தில் துளியளவு எடுப்பது சி.வி.எஸ். அதைப் பெரும்பாலும் வயிற்றின் வழியாகவும், சில இடங்களில் கர்ப்பப்பை வாய் வழியாகவும் செய்வார்கள். தொப்புள்கொடியிலிருந்தே இரத்தம் எடுக்கும் முறையும் உண்டு, ஆனால் அது அரிதாகத் தேவைப்படுவது, இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

முகத்துவாரத்தில் தோணி விடுவது

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் தெரிந்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். அதனூடாகத் தோணி விடுவது எவ்வளவு ஆபத்து என்று கேட்டால், விஷயம் தெரிந்த ஒருவரும் ஒற்றை எண்ணில் பதில் சொல்லமாட்டார். யார் விடுகிறார், எந்த மாதத்தில், அன்றைக்குக் காற்று எப்படி என்று திருப்பிக் கேட்பார். மணல் திட்டு ஒவ்வொரு மாரிக்கும் இடம் மாறும். கிழமைக்கு நாலு தரம் போய்வருபவருக்கு அது எங்கே கிடக்கிறது என்று கை அறியும். முப்பது வருஷம் வாவிக்குள் மட்டும் வலை போட்டவர் எவ்வளவு நல்ல மீனவராக இருந்தாலும், அந்த வாயைக் கடப்பதில் அவர் புதியவர்தான். நன்றாகப் பழகியவருக்கு இன்னொன்றும் தெரியும், இன்றைக்குத் தோணியை இறக்கக் கூடாது என்று எப்போது சொல்ல வேண்டும் என்பது.

பன்னீர் எடுப்பதிலும் இந்த மூன்றும் வரும்: தொடர்ச்சியான பழக்கம், குறிப்பாக இந்த வேலையில் பழக்கம், வேண்டாம் என்று நிறுத்தத் தெரிவது.

ஊசி உள்ளே போகும்போது நடப்பது

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அனுபவம் எங்கே பாதுகாப்பாக மாறுகிறது என்பது இங்கேதான் தெரியும்.

தாய் மல்லாந்து படுத்திருப்பார். ஊசி போடுவதற்கு முன்பே ஸ்கேன் வேலை தொடங்கிவிடும். பிள்ளை எந்தப் பக்கம் கிடக்கிறது, நஞ்சுக்கொடி முன்சுவரிலா பின்சுவரிலா, தண்ணீர் எங்கே நல்ல ஆழமாகத் தேங்கி நிற்கிறது, அந்த இடத்துக்குப் போகும் வழியில் தொப்புள்கொடி குறுக்கே வருகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பார்க்கிறவருக்குச் சும்மா தடவிக்கொண்டிருப்பது போலத் தெரியும், ஆனால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. பிள்ளை அந்த இடத்துக்குப் புரண்டு வந்தால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பழகியவர் காத்திருப்பார்.

பிறகு கிருமிநாசினியால் வயிற்றைத் துடைத்துவிட்டு, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள நீளமான ஊசியை உள்ளே விடுவார்கள். ஒரு கையில் ஸ்கேன் கருவி, மறு கையில் ஊசி, கண் இரண்டும் திரையில். ஸ்கேன் கருவி காட்டுவது மெல்லிய தட்டுப் போன்ற ஒரு வெட்டுமுகத்தை மட்டும்தான். ஊசி அந்தத் தட்டுக்குள்ளேயே போனால் அதன் முனை முழு நேரமும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சற்றுச் சரிந்தால் முனை மறைந்துவிடும், திரையில் தெரிவது ஊசியின் நடுப்பகுதியாக இருக்கும், முனை எங்கேயோ போயிருக்கும். முனையைக் கண்ணை விட்டு விலகவிடாமல் கொண்டுபோவதுதான் இந்த வேலையின் உயிர். சொல்லித் தந்து மட்டும் இது வராது, திரும்பத் திரும்பச் செய்துதான் கைக்கு வரும்.

அடுத்தது சவ்வு. பிள்ளையைச் சுற்றி உள்ளும் வெளியுமாக இரண்டு சவ்வுகள் உண்டு. ஆரம்ப வாரங்களில் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் இடைவெளி இருக்கும். 15 வாரம் ஆகும்போதுதான் பொதுவாக நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத சவ்வில், அல்லது தயங்கித் தயங்கித் தள்ளும்போது, ஊசி சவ்வைத் துளைக்காமல் கூடாரம் மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு போகும். முனை தண்ணீருக்குள் நிற்பது போலத் திரையில் தெரியும், ஆனால் இழுத்தால் ஒன்றும் வராது. கை பழகாதவர் அந்த இடத்தில் ஊசியை வெளியே எடுத்துவிட்டு மறுபடி குத்துவார். பழகியவருக்கு, கடைசியில் ஒரு சின்ன உறுதியான அசைவு போதும் என்று தெரியும்.

தண்ணீர் வரத் தொடங்கியதும் முதல் ஓரிரு மில்லிலீற்றரைத் தனியாக எடுத்துவிடுவார்கள், தாயின் கலங்கள் அதில் கலந்திருக்கலாம் என்பதால். பிறகு 15 முதல் 20 மில்லிலீற்றர் எடுப்பார்கள். 16 வாரத்தில் உள்ளே இருப்பது சுமார் 200 மில்லிலீற்றர். எடுத்த அளவு சீக்கிரமே திரும்ப ஊறிவிடும், ஆகவே ‘தண்ணி வத்திப்போகும்’ என்ற பயம் தேவையில்லை. ஊசி உள்ளே நிற்பது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும்.

அப்படியானால் பிள்ளை கலைவது எதனால்? தண்ணீர் கசிவதால், கிருமி உள்ளே போவதால், உள்ளே இரத்தம் கசிவதால். ஊசி பிள்ளையைக் குத்திவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள், ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே செய்யும்போது அது மிக அரிது. மற்ற மூன்றையும் கூட்டுவது மறுபடி மறுபடி குத்துவது. ஒவ்வொரு குத்தும் சவ்வில் இன்னொரு ஓட்டை, கிருமி போக இன்னொரு வழி. அதனால்தான் ஒரே அமர்வில் இரண்டு தரம் குத்தியும் சரிவரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, கூடிய அனுபவம் உள்ளவரைக் கூப்பிட வேண்டும் அல்லது இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது நடைமுறை. மூன்றாவது தரமும் முயற்சிப்பதைத் தைரியம் என்று நினைக்கக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், அனுபவம் ஒரு மந்திரம் போல வேலை செய்வதில்லை. எத்தனை தரம் குத்த வேண்டும் என்பதைக் குறைக்கிறது, நேரத்தைக் குறைக்கிறது, முனை எங்கே நிற்கிறது என்பது தெரிந்திருக்கச் செய்கிறது.

‘நூற்றில் ஒன்று’ எங்கிருந்து வந்தது?

1986இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வு. 4606 பெண்களை, குலுக்கல் முறையில், பன்னீர் எடுப்பவர்கள், எடுக்காதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். எடுத்தவர்களில் 1.7 வீதமானவர்களுக்குக் கர்ப்பம் கலைந்தது, எடுக்காதவர்களில் 0.7 வீதம். வித்தியாசம் 1 வீதம். உலகம் முழுக்க டொக்டர்மார் பல தசாப்தமாகச் சொல்லிவந்த எண் இதுதான். ஃபோனில் தேடினால் இன்றும் வருவது இதுவே.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 0.7. ஊசியே தொடாதவர்களுக்கும் சில கர்ப்பங்கள் கலையத்தான் செய்கின்றன. ஊசி போட்டு இரண்டு கிழமையில் கலைந்தால், எல்லோரும் ஊசியைத்தான் சொல்வார்கள். அதிலும் இந்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் ஏற்கெனவே ஸ்கேனில் சந்தேகம் வந்தவர்கள், வயது கூடியவர்கள். அவர்களின் பிள்ளைகளில் ஒரு பங்கு எப்படியும் தங்காமல் போகக்கூடியவை. பிந்திய ஆய்வுகள் இதைக் கழித்துப் பார்த்தபோது ஊசியால் மட்டும் கூடும் ஆபத்து 1 வீதத்தைவிட நன்றாகக் குறைந்துவிட்டது. பிரித்தானியாவின் மகப்பேற்று மருத்துவர்களுக்கான அரச கல்லூரி இப்போது சொல்வது, சரியான பயிற்சி உள்ளவர் செய்தால் அது 0.5 வீதத்துக்கும் கீழே, அதாவது இருநூறில் ஒன்றைவிடக் குறைவு என்று.

‘சரியான பயிற்சி உள்ளவர் செய்தால்’ என்ற அந்த நிபந்தனையை எல்லோரும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்த நிபந்தனை எவ்வளவு பெரியது என்பதையும் டென்மார்க்கே காட்டியது. 1996 முதல் 2006 வரை அந்த நாட்டில் செய்த 60,000க்கும் அதிகமான பரிசோதனைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். அந்த 11 வருஷத்தில் 1500க்கு மேல் பன்னீர் எடுத்த பிரிவுகளோடு ஒப்பிட்டால், 500 முதல் 1000 வரை மட்டும் எடுத்த பிரிவுகளில் கர்ப்பம் கலையும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். சி.வி.எஸ்.ஸிலும் குறைவாகச் செய்த இடங்களில் ஆபத்து அதிகமாகவே இருந்தது. இது பிரிவுகளின் கணக்கு, தனித்தனி டொக்டர்மாரின் கணக்கு இல்லை. என்றாலும் ஒரு விஷயத்தைப் பாருங்கள்: 11 வருஷத்தில் 500 என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 45. எங்கள் கண்ணுக்கு அது நிறையத்தான். அப்படியிருந்தும் அங்கே அது குறைந்த அனுபவத்தின் பக்கம் விழுகிறது.

சி.வி.எஸ். புதிதாக வந்த காலத்திலும் இதுவே நடந்தது. 1991இல் ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், பன்னீர் எடுத்தவர்களைவிட சி.வி.எஸ். செய்தவர்களுக்கு உயிரோடு பிள்ளை கிடைத்தது 4.6 வீதம் குறைவு. அந்தச் செய்முறையே கெட்டது என்று சிலர் முடிவுகட்டினார்கள். ஆனால் அன்றைக்கு அதைச் செய்த பலருக்கு அது புதுக் கை, ஒருவருக்கே பல தரம் குத்த வேண்டியும் வந்தது. இன்று பழகிய இடங்களில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை.

நல்ல கையாலும் முடியாதது ஒன்று உண்டு, அது நேரத்தை ஏமாற்றுவது. பன்னீரை 11, 12 வாரத்திலேயே எடுத்துவிடலாமா என்று கனடாவில் பார்த்தார்கள், 1998இல் முடிவு வந்தது. பிறந்த பிள்ளைகளில் கால் வளைந்திருந்தது 1.3 வீதம், வழக்கமான நேரத்தில் எடுத்தவர்களில் 0.1 வீதம். கர்ப்பம் கலைவதும் கூடியது. அதனால் ‘பதில் சீக்கிரம் வேணும், இப்பவே எடுங்க டொக்டர்’ என்று கேட்பவரை 15 வாரம் வரை காத்திருக்கச் சொல்லும் டொக்டர் உங்கள் பக்கம் நிற்பவர்.

அப்போ அனுபவம் என்றால் எது?

எங்கள் ஊரில் அனுபவம் என்றால் வயது, பதவி, பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள். பெரிய வி.ஓ.ஜி. (மகப்பேற்று விசேட டொக்டர்), ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தவர், சிசேரியனில் கை சுத்தம். அது எல்லாம் உண்மையாக இருக்கலாம், அவருக்கு அந்த மரியாதை சேரவேண்டியதுதான். ஆனால் சிசேரியன் வேறு கை, இது வேறு கை. இருபது வருஷத்துக்கு முன் பயிற்சியில் நிறையச் செய்துவிட்டு இப்போது வருஷத்துக்கு இரண்டு, மூன்று செய்பவரைவிட, வயதில் இளையவராக இருந்தாலும் கிழமைதோறும் செய்பவர் கூடுதல் பாதுகாப்பாக இருக்கலாம். மேலே சொன்ன பிரித்தானியக் கல்லூரி 2010இல் வெளியிட்ட வழிகாட்டலில், கைத்திறன் மங்காமல் இருக்க ஒருவர் வருஷத்துக்குக் குறைந்தது 30 செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தது. அது அடிமட்ட எல்லை.

இன்னொரு குழப்பம், ‘என் கையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை’ என்பது. பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் சின்னக் கணக்கில் அது எதையும் நிரூபிக்காது. ஒருவரின் கையில் உண்மையான ஆபத்து நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம், மிக மோசமான கை. அவர் 20 பேருக்குச் செய்தால், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் போக எட்டுக்கு ஒன்று என்ற அளவில் வாய்ப்பு இருக்கிறது. மறுபக்கம், ஆபத்து இருநூறில் ஒன்று உள்ள நல்ல கை வருஷத்துக்கு 30 செய்தால், ஊசியால் வரும் ஒரு இழப்பைச் சராசரியாக ஆறு ஏழு வருஷத்துக்கு ஒரு தரம்தான் காண்பார். அது முதல் வருஷத்திலேயே வந்தும் விடலாம், அதை வைத்து அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது.

அதனால் நல்ல நிலையங்கள் இழப்பை மட்டும் எண்ணுவதில்லை. எத்தனை பேருக்கு இரண்டாம் தரம் குத்த வேண்டி வந்தது, எத்தனை தரம் எடுத்த தண்ணீரில் இரத்தம் கலந்திருந்தது, எத்தனை மாதிரிகளை ஆய்வுகூடம் ‘போதாது’ என்று திருப்பியது என்றெல்லாம் எழுதி வைப்பார்கள். இவை அடிக்கடி நடப்பவை, ஆகவே கை தளர்வதை முதலில் காட்டிக்கொடுப்பவையும் இவைதான். புதியவர்கள் பொம்மை வயிற்றிலும், பிறகு மேலே ஒருவர் நின்று பார்க்கவும் பழகுவார்கள். பழகாமல் ஒருவரும் அனுபவசாலி ஆக முடியாது, ஆகவே ‘படிக்கிற பிள்ளை’ அறைக்குள் நின்றாலே பயப்பட வேண்டாம். பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பாருங்கள்.

ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை?

இப்போது தாயின் கை நரம்பில் எடுக்கும் இரத்தத்திலேயே பிள்ளையின் நிறமூர்த்தத் துணுக்குகளைத் தேடிப் பார்க்கும் பரிசோதனை வந்துவிட்டது. 10 வாரத்திலிருந்து செய்யலாம், செலவு அதிகம். அது நல்ல சல்லடை, ஆனாலும் சல்லடைதான். அதில் சந்தேகம் வந்தால் உறுதிப்படுத்த மறுபடி ஊசிதான். இதனால் உலகம் முழுக்க ஊசி தேவைப்படுவோர் குறைந்துவிட்டார்கள். அது நல்ல செய்தி, ஆனால் அதற்குள்ளேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. தேவைப்படுவோர் குறைந்தால் ஒவ்வொரு டொக்டருக்கும் கிடைக்கும் பழக்கமும் குறையும். மிஞ்சியிருக்கும் கொஞ்சப் பேரை எல்லா வைத்தியசாலைகளுக்கும் பங்கு போட்டால் ஒருவர் கையும் பழகாது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனையின் இரண்டு ஆதார வைத்தியசாலைகள், அம்பாறைப் பொது வைத்தியசாலை, அக்கரைப்பற்று என்று எங்களைச் சுற்றி எத்தனையோ இடங்கள் இருந்தாலும், இந்த ஒரு வேலைக்கு மட்டும் கொழும்புக்கோ கண்டிக்கோ கடிதம் தந்து அனுப்பினால், அதை எங்கள் வைத்தியசாலைக்கு வந்த குறை என்று நான் எடுக்கமாட்டேன். அனுப்பும் டொக்டர் தன் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கிறார். இரவு ரயிலில் வயிற்றோடு போய் வருவது இலேசு இல்லைதான், காசும் போகும், துணைக்கும் ஒருவர் வேண்டும். ஆனால் அந்தப் பயணம் பிள்ளையைக் கலைக்காது, பழகாத கையில் நாலு தரம் குத்துப்படுவது கலைக்கலாம்.

‘இலங்கையில் தெரிந்தும் என்ன செய்ய முடியும்?’ என்று சிலர் கேட்பார்கள். தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைப்பது, 1883இன் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி குற்றம், உண்மை. ஆனால் தெரிந்துகொள்வதற்கு அது ஒன்றுதான் காரணம் என்றில்லை. பிள்ளைக்கு இருதயக் கோளாறு வரக்கூடும் என்று தெரிந்தால் எங்கே பிரசவம் பார்ப்பது என்று திட்டமிடலாம், மனதைத் தயார்படுத்தலாம், சந்தேகம் பிழை என்று தெரிந்தால் மிச்ச ஐந்து மாதத்தை நிம்மதியாகக் கழிக்கலாம். தெரிய வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு தாயின் உரிமை. அந்த முடிவைப் பிழையான எண்ணை வைத்து எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போகும் முன்னும் வந்த பின்னும்

டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். “டொக்டர், இதை நீங்களே செய்வீங்களா? இங்க வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்வீங்க? ஒரு தரத்தில வராட்டி என்ன செய்வீங்க?” என்று மரியாதையாகக் கேட்டால், உண்மையில் செய்பவர் கோபிக்கமாட்டார், எண்ணோடு பதில் சொல்வார். பதிலுக்கு “அதெல்லாம் உங்களுக்கு ஏன்” என்று வந்தால் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில் தவறில்லை. டொக்டரிடம் கேட்க வாய் வராவிட்டால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் முதலில் சொல்லுங்கள், எப்படிக் கேட்பது என்று அவர் வழி காட்டுவார்.

உங்கள் இரத்த வகை ஆர்.எச். நெகடிவ் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். பிள்ளையின் இரத்தம் உங்கள் இரத்தத்தோடு கலந்து பின்னால் தொல்லை தராமல் இருக்க, 72 மணித்தியாலத்துக்குள் அன்டி-டி ஊசி போட வேண்டும். ஹெப்படைடிஸ் பி போன்ற தொற்று இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

பரிசோதனை முடிந்தபின் நாள்கணக்கில் படுத்தே கிடக்கத் தேவையில்லை. ஓரிரு நாள் பாரம் தூக்காமல் இருந்தால் போதும், கொஞ்சம் வயிறு இழுப்பது சாதாரணம். முடிந்தால் அன்றிரவே பஸ் ஏறாமல் பக்கத்தில் ஒரு நாள் தங்குவது நல்லது. இரத்தம் படுவது, தண்ணீர் கசிவது, காய்ச்சல், விடாத வயிற்றுவலி, இவற்றில் ஏதாவது வந்தால் கொழும்பில் செய்தது என்று கொழும்புக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்காமல் பக்கத்து வைத்தியசாலைக்கு உடனே போங்கள். அங்கே உங்களைப் பார்க்கும் டொக்டருக்கு அன்று நடந்தது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அங்கிருந்து புறப்படும் முன் உங்கள் கிளினிக் கொப்பியில் நாலு வரி எழுதி வாங்குங்கள்: எந்தத் திகதி, எத்தனை தரம் குத்தினார்கள், தண்ணீர் தெளிவாக வந்ததா, அன்டி-டி போட்டாயிற்றா.